யோகப்பயிற்சியின் முதற்படி யாது?

மக்கட்பிறவி பெறுதற்கு அரியது என்பது நம் சமயநூல்கள் யாவும் ஒருமுகமாக உரைக்கும் உண்மையாகும். அப்பிறவியின் பயனை எய்துதற்கு உடம்பு இன்றியமையாத கருவி. கருவி பழுதுற்றவழித் தொழில் நடவாதவாறுபோல, உடம்பு நோயுற்றவழி வழிபாடும் கல்வியும் தளர்வுறும். இஃது ஆசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதன்று. நாள்முழுதும் நின்று கற்பித்துத் தொண்டை வறண்டு, மாலையில் நெருக்கடி மிக்க பேருந்திலே காலிவீதி வழியே வீடு சேர்ந்து, இரவில் விடைத்தாள்களின்மேற் குனிந்திருக்கும் ஆசிரியர்தம் முதுகும் கழுத்துமே இதற்குச் சான்று பகரும்.

இக்காலத்தே கொழும்பு மாநகரில், வெள்ளவத்தை கொட்டாஞ்சேனை முதலிய இடங்களில் வாழும் நம்மவர் பலர் யோகாசனம் பயிலத் தலைப்பட்டிருக்கின்றனர். இடுப்புவலியால் வருந்தி அதனை நாடினோர் சிலர்; உறக்கமின்மையால் நாடினோர் சிலர்; மனக்கலக்கம் தணியுமென்று கேள்வியுற்று நாடினோர் சிலர். அவருள் சைவாசிரியரும் உளர். இதுபற்றி நம்மிடையே இருவேறு கருத்துக்கள் வழங்குகின்றன. ஒருசாரார், யோகமாவது வீடுபேற்றுக்குரிய நெறி. அதனை இடுப்புவலிக்கு மருந்தாக்குதல் திருவிளக்கைக் கொண்டு அடுப்பு மூட்டுதல்போலும் இழிசெயல் என்பர். மற்றொரு சாரார், யோகமென்பது ஒருவகைத் தேகாப்பியாசமே. அதற்குச் சமயமும் ஒழுக்கமும் எதற்கு என்பர். இவ்விரண்டனுள் எது பொருத்தமுடைத்து? மாணவர்க்கு வழிகாட்டுங் கடப்பாடுடைய ஆசிரியர் எதனைக் கொள்ளுதல் தகும்? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், நம் நெறியில் யோகம் பெறும் இடம் இன்னதெனத் தெளிதல் வேண்டும். சரியை, கிரியை, யோகம், ஞானம் எனச் சைவநெறிப் படிகள் நான்கு. இவற்றைத் தாயுமானவர் ஒரு தாவரத்தின் பயன் படிப்படியே முதிர்தலோடு ஒப்பிட்டார். திருக்கோயிலில் அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல் முதலிய உடற்றொண்டு சரியையாகும், பூசனை கிரியையாகும், புலன்களை ஒடுக்கி அகத்தே இறைவனைத் தியானித்தல் யோகமாகும். அவ்யோகத்துக்கு இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என உறுப்புக்கள் எட்டு. பத்தாந் திருமுறையாகிய திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் இவற்றை விரித்துரைக்கின்றது. பதஞ்சலி முனிவர் தம் யோகசூத்திரத்தில் ஆசனத்தைப்பற்றிக் கூறிய சூத்திரங்கள் மூன்றேயாம். அவற்றுள்ளும் அவர் வேண்டுவன நிலைபேறும் இனிமையுமாகிய இரண்டே. கைகால்களை வியக்கத்தக்கவாறு முறுக்குதலை அவர் யாண்டும் வேண்டிற்றிலர்.

அங்ஙனமாயின், யோகமென்றவுடனே ஆசனமே நினைவுக்கு வரும் இக்கால வழக்கு எங்ஙனம் உண்டாயிற்று? அதன் வரலாற்றிலே நம் கொழும்புக்கும் ஓரிடம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நம் சமயவுண்மைகளை விளக்கி மீண்ட சுவாமி விவேகானந்தர், 1897ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். கீழைநாட்டுக்கு மீண்டபின் அவர் நிகழ்த்திய முதற் பொதுச்சொற்பொழிவு, மறுநாள் இந்நகரிலேதான் நிகழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவருடைய இராசயோகம் என்னும் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்திருந்தது. அவர் பெயரால் 1902ஆம் ஆண்டில் கொழும்பில் நிறுவப்பெற்ற விவேகானந்த சபை, கொட்டாஞ்சேனைப் பகுதியில் நிலைபெற்றுச் சைவசமயப் பரீட்சைகளை நடாத்தி வருதலை ஆசிரியர் யாவரும் அறிவர். வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் இருக்கும் வீதி இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது. விவேகானந்தர் யோகமென உலகுக்கு விளக்கியது பெரும்பாலும் மனத்தை ஒருக்கும் நெறியேயன்றி ஆசனத்தொகுதியன்று.

ஆசனங்களை உடல்நலத்தின்பொருட்டு முறையாகப் பயிற்றும் வழக்கு அதன்பின்னரே பெருகிற்று. 1924ஆம் ஆண்டில் சுவாமி குவலயானந்தர் லோனாவலாவிலே கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனமும் பிராணாயாமமும் உடம்பில் விளைக்கும் மாற்றங்களை விஞ்ஞான முறையால் ஆராயத் தொடங்கினார். 1930ஆம் ஆண்டுகளில் மைசூர் அரசரின் ஆதரவிலே கிருஷ்ணமாசாரியார் இளைஞர்க்கு ஆசனங்களைப் பயிற்றினார். பத்தமடையிற் பிறந்து, மலாயாவில் வைத்தியராயிருந்து, பின் துறவு பூண்டு இருடிகேசத்தில் வதிந்த சுவாமி சிவானந்தர், 1950ஆம் ஆண்டில் இலங்கைக்கும் எழுந்தருளினார். அவர்தம் மாணவராகிய சுவாமி சச்சிதானந்தர் 1953ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிலே பல்லாண்டு தங்கி யோகம் பயிற்றிப் பின்னர் அமெரிக்கா சென்றார். 2014ஆம் ஆண்டு திசெம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை யூன் 21ஆம் நாளை உலக யோக தினமாக அறிவித்தது. எனவே, மூலநெறி தொன்மையுடைத்து. உடல்நலப் பயிற்சியாக அது பெற்றிருக்கும் இக்கால வடிவமோ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் விளைவு. இவ்விரண்டனையும் மயங்கவைத்து, இன்று பயிலும் ஒவ்வோர் ஆசனமும் அநாதியே உள்ளதென மாணவர்க்கு உரைத்தல் வாய்மையாகாது.

இனி, முதற்சாரார் கூற்றை ஆராய்வாம். உடல்நலங் கருதி யோகத்தை நாடுதல் இழிவோ? இழிவன்று என்பதே எம் துணிபு. திருமூலர், உடம்பை இகழ்ந்திருந்த தம் பழைய எண்ணத்தைத் தாமே மறுத்து, இறைவன் உறையும் இடமாதலின் அதனைப் பேணுதல் கடன் எனக் கொண்டார். உடம்பைப் பேணுதல் வேறு, உடம்பையே பொருளெனக் கருதுதல் வேறு. கோயிற்சுவரில் வெடிப்பு உண்டாயின் அதனைச் சீர்செய்தல் வழிபாட்டுக்கு மாறாகுமோ?

இதனினும் வலிய சான்று நம் சமயகுரவருள் ஒருவரது வரலாற்றிலேயே உளது. தருமசேனர் என்னும் பெயரோடு சமணர் குழுவிலிருந்த மருணீக்கியாரைத் திருவதிகைக்கு மீட்டுக் கொணர்ந்தது யாது? தருக்கமன்று, சித்தாந்த ஆராய்ச்சியுமன்று, பொறுத்தற்கரிய சூலைநோய். வயிற்றுவலி தாங்கமாட்டாது தமக்கையாரிடம் ஓடிவந்தவரே பின்னர்த் திருநாவுக்கரசராயினார். நோய் தீரவேண்டுமென வந்தவரை, வீடுபேறு வேண்டி வருக என்று திலகவதியார் திருப்பியனுப்பிற்றிலர். திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். ஆதலின், இடுப்புவலி காரணமாக யோகத்தின் வாயிலில் வந்து நிற்போனை நாம் எள்ளுதல் எவ்வாற்றானும் தகாது. எவ்வழியால் ஒருவன் வந்தான் என்பது பெரிதன்று. வந்தபின் யாண்டுச் செல்கின்றான் என்பதே பெரிது. நாவுக்கரசர் சூலை தீர்ந்தவுடன் வீடு திரும்பினாரல்லர், உழவாரம் ஏந்தினார்.

இனி, மற்றைச் சாரார் கூற்றுக்கு வருவாம். யோகம் தேகாப்பியாசமே எனின், எண்ணுறுப்புக்களுள் ஆசனம் மூன்றாவதாக வைக்கப்பட்டது எற்றுக்கு? அதற்கு முன்னே இயமமும் நியமமும் நிற்கின்றன. பதஞ்சலியார் இயமம் ஐந்தென்றார்; திருமூலர் அவற்றைப் பத்தாக விரித்தார். கொல்லாமை, பொய்யாமை, களவின்மை என்பவற்றோடு நடுவுநிலைமையையும் பகுத்துண்டலையும் அவர் சேர்த்துரைத்தமை ஊன்றி நோக்கத்தக்கது. யோகி என்றவுடன் குகையில் தனித்திருப்பவனையே நாம் எண்ணுகின்றோம். திருமூலரோ யோகத்தின் முதற்படியிலேயே பிறனுக்குச் சோறு பகிர்தலை வைத்தார். நியமத்திலும் தவம், செபம், மகிழ்ச்சி, தானம், சிவபூசை, சித்தாந்தங் கேட்டல் முதலியன அவராற் கூறப்பட்டுள்ளன.

இவ்வொழுங்கு சமயக் கட்டளை மாத்திரமன்று, காரணமும் உடைத்து. மூச்சை அடக்கி மனத்தை ஒருக்க முயல்வோன், காலையில் ஒருவனை வஞ்சித்தும் மாலையில் ஒருவனைச் சினந்தும் வாழ்வானாயின், கண்ணை மூடியவுடன் அவனெதிரே நிற்பன அவ்வஞ்சனையும் சினமுமே. மறைத்த பொய்யொன்று உள்ளத்தில் இருக்கும்வரை அமைதி கூடுதல் அரிது. இதனை மந்திரத்தாலும் மூச்சாலும் கடந்துவிடலாமென எண்ணுதல், கலங்கிய நீரை மேலும் கலக்கிக்கொண்டே தெளிவு வேண்டுதல்போலாம்.

ஈண்டு ஆசிரியராகிய நமக்கே உரிய ஒன்றை யாம் ஒளியாது கூறுதல் வேண்டும். விநாயகப்பெருமான் திருமுன் நாம் இடும் தோப்புக்கரணம் உடம்பாற் செய்யும் வழிபாடு. கை, தோள், இடுப்பு, முழந்தாள் யாவும் அதில் ஒருங்கே இயங்குகின்றன. தாழ்ந்தெழுதலோடு அகந்தையும் தாழ்கின்றது. அதனை நாம் பள்ளிக்கூடத்தில் என்செய்தோம்? தண்டனையாக்கினோம். யாமும் ஆசிரியத்தொழிலில் அமர்ந்திருந்த காலத்து, வீட்டுவேலை செய்யாது வந்த சிறுவரைத் தோப்புக்கரணம் இடுவித்ததுண்டு. அங்ஙனம் தண்டிக்கப்பெற்ற ஒரு சிறுவன், அடுத்த வெள்ளிக்கிழமை எம்மோடு கோயிலுக்கு வந்தபோது பிள்ளையார் முன்னே கைகட்டி நின்றானேயன்றித் தோப்புக்கரணம் இட்டிலன். காரணம் வினவினோம். "இன்று நான் ஒரு குற்றமும் செய்யவில்லையே, ஐயா" என்றான். அச்சொல் எம்மை நாணுறச் செய்தது, இன்னும் மறந்திலேம். வழிபாடொன்றை ஒரு குழந்தையின் உள்ளத்தில் அவமானமாக்கிய கை எம் கையே. வகுப்பறையில் கொல்லாமை என்னும் இயமத்தைக் கைவிட்டு, வீட்டில் விரிப்பின்மேல் ஆசனம் பயிலுதலாற் பயன் என்னை? யோகப்பயிற்சியின் முதனாள், மாணவன்மேல் ஓங்கிய கையை ஆசிரியர் தாழ்த்தும் நாளே என்பது எம் கருத்து.

ஆசிரியத்தொழில் யோகநெறிக்கு மாறென்று எவரும் கருதவேண்டா. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர், விஞ்ஞானம் கற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்து, 1924ஆம் ஆண்டில் துறவுநெறி பூண்டார். துறந்தபின்னும் பள்ளிகளை அவர் துறந்திலர். மிஷன் பாடசாலைகளைப் பேணினார். 1943ஆம் ஆண்டில் கொழும்பிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். கரும்பலகைக்கு முன் நிற்போரும் யோகியாகலாம் என்பதற்கு அவர் வாழ்வே போதிய சான்றாம்.

இனி, இப்பயிற்சி உடற்கும் உளத்துக்கும் மெய்யாகச் செய்யும் நன்மை எவ்வளவு என்பதனையும் அளந்து கூறுதல் வேண்டும். மிகைபடக் கூறுதலும் பொய்யே. நெடுநாள் இடுப்புவலி உடையோர்க்கு யோகாசனம் சிறிதளவு துணைசெய்கின்றது என ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆயினும் அத்துணை பிற தேகாப்பியாசங்களால் வருவதினும் மிக்கதெனத் துணிதற்கு இடமில்லை. மூச்சை மெல்ல நீட்டி வெளிவிடுங்கால் இருதயத் துடிப்புச் சற்றுத் தணிகின்றது. மூளையினின்று இருதயத்துக்குச் செல்லும் நரம்பொன்றின் தொழில் இது. பதற்றம் தணிதற்கு இஃது உதவும். ஆனால் இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ வைத்தியர் தந்த மருந்தை, யோகம் பயில்கின்றேன் என்று எவரும் நிறுத்தலாகாது. அங்ஙனம் நிறுத்தச் சொல்வோர் யாவராயினும் அவரை அணுகாதொழிக. கண்ணழுத்த நோயுடையோர் தலைகீழாக நிற்கும் ஆசனங்களையும், கருவுற்ற மகளிர் வயிற்றை அழுத்தும் ஆசனங்களையும் விரைந்து மூச்சுவிடும் பயிற்சிகளையும் தவிர்த்தல் வேண்டும். சிரசாசனமும் சர்வாங்காசனமும் தொடக்கநிலையோர்க்கு உரியனவல்ல. கழுத்தெலும்புக்கு அவற்றால் ஊறு விளைதல் கூடும்.

உளநலத்தைப்பற்றி மற்றொன்றும் சொல்லற்பாலது. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெள்ளவத்தையில் நம்மவர் வீடுகளும் கடைகளும் எரியுண்டன. அதன்பின் 2009ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த போரில், வடக்கினின்றும் கிழக்கினின்றும் யாவற்றையும் இழந்து இந்நகரை அடைந்த குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் பிள்ளைகளே நம் வகுப்பறைகளில் அமர்ந்து கற்றனர். இன்று அவர்தம் பிள்ளைகள் கற்கின்றனர். ஆசிரியருள்ளும் அத்துன்பத்தைச் சுமப்போர் உளர். அத்தகையோர் சிலர்க்குக் கண்ணை மூடி அமைதியாயிருத்தலே அச்சத்தை மீட்டு எழுப்புதல் உண்டு. அவரை, மனத்தை அடக்குக என்று வற்புறுத்துதல் கொடுமையாகும். கண் திறந்தபடி மெல்ல நடத்தலும், கூடியிருந்து திருமுறை ஓதுதலும் அவர்க்கு இயைந்த தொடக்கமாகலாம். துன்பம் மிகின் மனநல வைத்தியரை நாடுதலில் நாணவேண்டுவது யாதுமில்லை. பாண்டியன் சுரத்தால் வருந்தியபோது அவனைத் தவஞ்செய்க என்று சம்பந்தப்பெருமான் கட்டளையிட்டிலர். திருநீறு பூசி அவன் வெப்பைத் தணித்தார். நொந்தவர்க்கு முதற்கண் வேண்டுவது ஆறுதலே, பயிற்சி பின்னர்.

தொடக்கநிலையோர் செய்யத்தக்கன யாவை என வினவின், எளியனவே என்போம். வைகறையில் எழுந்து, உடல் தூய்மை செய்து, உண்பதற்கு முன் கால்மணி நேரம் ஒதுக்குக. மாலையிற் பயில்வோர் உணவுகொண்டு மூன்று மணிநேரமேனும் கழிந்தபின் பயில்க. வெள்ளவத்தையின் மாடிக்குடியிருப்பிலும் ஒரு பாய் விரிக்கும் இடம் கிடையாமற் போகாது. முதலில் நிமிர்ந்து நின்று, இரு பாதங்களிலும் உடலின் பாரம் ஒப்ப ஊன்றுதலை உணர்க, இதுவே தாடாசனம். கைகளை மூச்சோடு உயர்த்தித் தாழ்த்துக. பின், குப்புறப் படுத்து மார்பை மெல்ல உயர்த்தும் புஜங்காசனத்தை, வலி தோன்றாத அளவே செய்க. வலி தோன்றுமிடத்தில் நிற்றல் கோழைமையன்று. உடம்பினிடத்துச் செய்யும் கொல்லாமை அதுவே. அதன்பின் சுகாசனத்தில் முதுகு நிமிர அமர்க. முழந்தாள் இடங்கொடாதாயின் நாற்காலியில் அமர்ந்து பாதங்களை நிலத்தில் ஊன்றுக, அதனாற் குறைவொன்றுமில்லை. நான்கு எண்ணும் அளவு மூச்சை உள்வாங்கி, ஆறு எண்ணும் அளவு வெளிவிடுக. மூச்சை அடக்கும் கும்பகத்தை ஆசானின்றிப் பயிலற்க. இங்ஙனம் ஐந்து நிமிடம் இருந்து, பின் திருவைந்தெழுத்தை மனத்துள் எண்ணுக. ஈற்றில் மல்லாந்து கிடந்து சவாசனத்தில் உடலைத் தளர்த்துக.

உடல்நலத்துக்கு இம்மென்பயிற்சி மாத்திரம் போதாது. வாரத்துக்கு 150 நிமிடமேனும் ஓரளவு விரைவாக நடத்தல் போன்ற உழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வெள்ளவத்தையார்க்குக் கடற்கரை அண்மையில் உளது. கொட்டாஞ்சேனையார்க்குக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் திருக்கோயில் உளது. அதன் கருங்கற் பிரகாரத்தை வலம்வந்து அட்டாங்க வணக்கஞ் செய்து எழும் முதியோரைக் காண்க. சரியைத்தொண்டு உடம்பையும் வாழ்விப்பதென்பது அவர்தம் நிமிர்ந்த நடையிலே விளங்கும்.

பள்ளியில் மாணவர்க்கு இதனைப் பயிற்ற விரும்பும் ஆசிரியர் இரண்டனைக் கருதுக. இயலாத பிள்ளையைப் பிறர்முன் எடுத்துக்காட்டி நாணுறச் செய்யற்க. பிறசமயப் பிள்ளைகள் உளராயின் அவரை மந்திரம் சொல்லுமாறு வற்புறுத்தற்க. இவ்விரண்டும் இயமத்தின்பாற் படும்.

இதுகாறுங் கூறியவாற்றால், உடல்நலங் கருதி யோகத்தைத் தொடங்குதல் இழிவன்று என்பதும், ஒழுக்கத்தை விட்டு ஆசனத்தை மாத்திரம் பற்றுதல் யோகமாகாது என்பதும் போதரும். ஆசனம் தவறிய நாளில் வருந்தவேண்டா, மறுநாள் பயிலலாம். பொய்யொன்று உரைத்த நாளில், எளியோன் ஒருவனை வைத நாளில், அன்று யோகம் தவறிற்றென்று கொள்க. அங்ஙனம் தவறிய நாளின் மறுநாட்காலை, பாயை விரிக்குமுன் அம்மாணவனை நாடி ஓர் அன்புமொழி கூறுதலே முதற் பயிற்சியாகும்.